கழுவி வைத்த முட்டைகள்

வலது தோள் அவளுக்கு முன்னாலேயே எழுந்துவிடும். அலாரம் அடிப்பதற்குள் அது முழித்துக்கொண்டு, எலும்புக்குள் யாரோ திருப்புளி போட்டு முடுக்குகிற மாதிரி தன் வேலையைத் தொடங்கியிருக்கும். கை தலைக்கு மேலே போகாது. இடது கையால் வலது கையைத் தூக்கிச் சட்டைக்குள் நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தான் போட்டு முடிப்பதற்குள் பாதி நாள் உழைத்த களைப்பு வந்துவிடும்.

சலவை ஆலையில் ஏழு வருடமாக ஈரப் போர்வை தூக்கிய தோள் அது. ஆஸ்பத்திரிப் போர்வை, ஓட்டல் போர்வை எல்லாம் அங்கேதான் வரும். எந்திரம் பிழிந்து துப்பியதை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறி, சுடுகிற உருளைக்குள் ஊட்ட வேண்டும். ஆலை விட்டதும் வீட்டுக்கு வந்து காலை நீட்ட முடியாது. வழியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் படிக்கட்டு கழுவுகிற வேலை இருந்தது. வாளியை மொட்டைமாடிவரை சுமந்துபோய், அங்கிருந்து கழுவிக்கொண்டே கீழே இறங்க வேண்டும். தோளைத் தின்பது அந்த வாளிதான் என்று அவளுக்குத் தெரியும். போர்வையை விட்டால் வாடகை கொடுக்க முடியாது. வாளியை விடலாம், கோழி பெருகினால்.

வீட்டுக்குப் பின்னால், மதிலுக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு கட்டில் போடுகிற அகலத்துக்கு இடம் உண்டு. உடைந்த கதவுப் பலகையையும் பழைய வலையையும் வைத்து அங்கே அவளே ஒரு கூண்டு அடித்திருந்தாள். எட்டுப் பெட்டையும் ஒரு நொண்டிச் சேவலும் அதில் இருந்தன. பெட்டைகளில் பாதிக்கு வயசாகிவிட்டது, நினைத்தால் முட்டை, இல்லாவிட்டால் இல்லை. கிடைக்கிற முட்டை தெருமுனை டீக்கடைக்குப் போகும். இன்னும் பத்து இளம் பெட்டை கூண்டுக்குள் நின்றால், படிக்கட்டில் வருகிற காசு முட்டையிலேயே வந்துவிடும். அந்தக் கணக்கை உருளைக்கு முன்னால் நின்று அவள் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறாள். குஞ்சு பொரித்து வளர்ந்து முட்டைக்கு வரும்வரை தோள் தாங்கினால் போதும்.

ஆனால் அவளுடைய கோழிகள் பண்ணைக் கலப்பு. முட்டையைப் போட்டுவிட்டு, அது யார் வீட்டுப் பிள்ளையோ என்கிற மாதிரி எழுந்து போய்விடும். அடைக்கு உட்காராது. போன வருடம் சந்தையில் வாங்கி வந்த பெட்டிக் குஞ்சுகள் ஒரே மழையில் மொத்தமாகக் கண்ணை மூடின. அதனால்தான் வெட்கத்தை விட்டு நாத்தனாரிடம் போய் நின்றாள்.

நாத்தனார் அவள் புருஷனுக்கு மூத்தவள். இரண்டு தெரு தள்ளித் தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறவள். சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவளுக்குத் தராசு என்று பெயர் வைத்திருந்தார்கள். வெங்காயத்தை நிறுக்கும்போது உதிர்ந்த தோலையும் சேர்த்து நிறுப்பாள் என்று கேலி. அவளிடம் ஒரு கறுப்பு அடைக்கோழி இருந்தது. சேர்ந்தாற்போல் இரண்டு ஈடு குஞ்சுகளைச் சேதாரமில்லாமல் இறக்கிக் கொடுத்த கோழி.

"தர்றேன்டி, தராம என்ன," என்றாள் நாத்தனார். "ஆனா பேச்சு பேச்சா இருக்கணும். முட்டை உன்னது, சூடு என்னது. குஞ்சுல பாதிக்குப் பாதி. கோழி எப்படி வந்துச்சோ அப்படியே திரும்பி வரணும்."

"சரிங்க அண்ணி."

"நானும் அடைக்கு முட்டை சேர்க்கப் போறேன். இது இறங்கின உடனே அடுத்த ஈடு எனக்கு வைக்கணும். அதை மனசுல வச்சுக்கோ."

பன்னிரண்டு முட்டை பொறுக்கி எடுத்தாள். ஒவ்வொன்றிலும் கரித்துண்டால் ஒரு கோடு போட்டாள். அடைக்கோழி பக்கத்தில் மற்றப் பெட்டைகள் வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும். கோடு இல்லாததைத் தினமும் பொறுக்கி எடுத்துவிட்டால்தான் எது அடைமுட்டை, எது புது முட்டை என்று குழப்பம் வராது. கூண்டின் இருட்டு மூலையில் ஒரு கூடை, அதில் வைக்கோல், அதன்மேல் கறுப்பி. அன்றைக்கே புருஷனிடமும் சொன்னாள்.

சொன்னாள் என்றால், எப்படிச் சொன்னாள் என்று கேட்க வேண்டும். அவன் ஒரு கிடங்கில் இரவுக் காவல். அவள் செருப்பு மாட்டுகிற நேரத்தில் அவன் செருப்பைக் கழற்றுவான். அவள் படிக்கட்டு கழுவி முடித்து உள்ளே வந்தால் அவன் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருப்பான். ஒரே பாயை அவன் பகலுக்கும் அவள் ராத்திரிக்கும் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் சூடு ஆறுவதற்குள் இன்னொருத்தர் வந்து படுப்பார். அன்று காலையில் அவன் பாயில் விழுந்து கண்ணை மூடியிருந்தான். "அண்ணிகிட்ட கோழி வாங்கி அடைக்கு வச்சிருக்கேன். மூலைக் கூடையைத் தொடாதீங்க" என்றாள். அவன் "ம்" என்றான். அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அந்த "ம்"மை நம்பித்தான் இரண்டு வாரம் ஓடியது. விடியலில் எழுந்து கறுப்பியைக் கையால் தூக்கி இறக்குவாள். அது சிலிர்த்துக்கொண்டு நொய்யை நாலு கொத்து கொத்தி, தண்ணீர் குடித்து, ஒரு பெரிய நாற்றமான எச்சத்தைப் போட்டுவிட்டு ஓட்டமாகக் கூடைக்குத் திரும்பும். வேலைக்கு நேரமாகிற ஆள் மாதிரி. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வரும். 'உனக்காவது உட்கார்ற வேலை' என்று சொல்லிவிட்டு கூண்டைச் சாத்துவாள்.

பொரிக்க ஒரு வாரம் இருக்கும்போது, ஆலையில் கூடுதல் வேலை என்று நிறுத்திக்கொண்டார்கள். அதை முடித்துப் படிக்கட்டையும் கழுவி, காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அன்று காவலுக்கு விடுமுறையான புருஷன் வாசலிலேயே நின்றான். குளித்து, தலை சீவி, முகமெல்லாம் பூரிப்பு.

"இன்னைக்கு முட்டை எத்தனை தெரியுமா?" என்றான்.

செருப்பைக் கழற்றிக்கொண்டே பார்த்தாள். அடுப்பு மேடையில் பெரிய பாத்திரம் நிறைய முட்டை. வெள்ளை வெளேர் என்று. ஒன்றில்கூட ஒரு அழுக்கு இல்லை.

"என்ன பாக்குற? டீக்கடைக்காரர் வேற, முட்டை குறைஞ்சு போச்சு, குறைஞ்சு போச்சுன்னு என்னைப் பிடிச்சுக்கிட்டாரு. சரி, நீயும் எப்ப பாத்தாலும் கோழிக்கு ஒரு கை உதவலைன்னு சொல்றியே, எந்திரிச்சு என்னான்னு பாத்தேன். ஒரு கறுப்புக் கோழி மூலையில உட்கார்ந்துக்கிட்டு, கிட்ட போனா பாம்பு மாதிரி சீறுது. அடியில எல்லாம் முட்டை. வெட்டியா அடை உட்கார்ந்திருக்கு. எங்க அம்மா என்ன பண்ணும்? பிடிச்சுத் தண்ணித் தொட்டியில மூணு முக்கு. வெயில்ல ஈர மண்ணுல காலைக் கட்டிப் போட்டா சூடு எறங்கிரும். பண்ணிட்டேன். நீ அழுக்கு முட்டைய கடைக்குக் குடுக்காதன்னு திட்டுவியேன்னு எல்லாத்தையும் நல்லா தேய்ச்சு..."

"கரிக்கோடு இருந்துச்சா?"

"இருந்துச்சு. என்னமோ கரி. போக மாட்டேங்குது. நார் போட்டுத் தேய்ச்சேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். திட்டத்தான் நினைத்தாள். திட்டுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறதே.

"அது உங்க அக்கா கோழி," என்றாள்.

"எங்க அக்கா கோழி இங்க எதுக்கு வருது?"

"உங்ககிட்டச் சொன்னேன். 'ம்'னீங்க."

அவன் வாய் திறந்தபடி நின்றது. "ஏம்மா, தூக்கத்துல சொன்ன 'ம்'மை எல்லாம் ஒரு ம்முன்னு..."

"நம்ம வீட்ல இல்லாத கோழின்னு பாத்தாத் தெரியாதா?"

"கோழின்னா கோழி. ஒவ்வொண்ணு மூஞ்சியையுமா பாத்து வச்சிருக்கேன்?" என்றான். பிறகு குரல் உள்ளே போயிற்று. "கடைக்கு வேற ஆறு குடுத்துட்டேன்."

எழுந்து ஓடினாள். அந்தக் கால்களில் அவ்வளவு ஓட்டம் மிச்சம் இருந்தது அவளுக்கே தெரியாது. டீக்கடையில் நாலு பேர் பெஞ்சைவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். கடைக்காரர் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"வாம்மா, வா! இவரு ஆம்லெட் கேட்டாரு. உன் வீட்டுக்காரர் புண்ணியத்துல நான் கோழியையே வறுத்துக் குடுத்திருப்பேன். உடைச்சா உள்ள மூக்கும் முழியுமா ஒண்ணு கிடக்கு!"

பெஞ்சுக்காரர்களில் ஒருவர், "ரெண்டுக்கும் சேர்த்துக் காசு வாங்காம விட்டியே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஆம்லெட் கேட்டவர் சாக்கடைப் பக்கம் குனிந்து நின்றார்.

"தெரியாம நடந்துபோச்சுண்ணே. மிச்சத்தக் குடுத்துருங்க."

"எடுத்துட்டுப் போ. இனிமே உங்க வீட்டு முட்டை நமக்கு வேண்டாம்மா. தப்பா நினைச்சுக்காத. ஒரு தடவை வாந்தி எடுத்தவன் மறுபடி இந்தக் கடைப் படி ஏற மாட்டான்."

மிச்சம் ஐந்தையும் மடியில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

பின்கட்டில் கறுப்பி துணி துவைக்கிற கல்லோடு காலில் கயிறு கட்டப்பட்டு நின்றது. இறகெல்லாம் நனைந்து, பாதி உடம்பாகியிருந்தது. கயிற்றை அவிழ்த்துத் துணியால் துடைத்துக் கூடையில் வைத்தாள். அது கூடையைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. எழுந்து வெளியே நடந்து, மதிலோரம் போய் மண்ணைக் கிளற ஆரம்பித்தது. திரும்பவும் பிடித்து வைத்தாள். திரும்பவும் எழுந்து போயிற்று.

"எங்க அம்மா வைத்தியம் தப்பாது," என்றான் அவன், வாய் தவறி. அவள் பார்த்த பார்வையில் உதட்டை மடித்துக்கொண்டான்.

எது அடைமுட்டை, எது அன்றைய முட்டை என்று பிரிக்க வேண்டும். வீட்டில் இருட்டான இடம் கக்கூஸ் ஒன்றுதான். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் உள்ளே நின்றார்கள். அவன் காவலுக்குக் கொண்டுபோகிற டார்ச்சை உள்ளங்கையால் மறைத்துப் பிடிக்க, அவள் விரலிடுக்கில் முட்டையை வைத்து வெளிச்சத்தின்மேல் உட்கார்த்தினாள். புது முட்டை மஞ்சளாகத் தெளிந்து தெரிந்தது. அதைத் தனியே வைத்தாள். அடுத்தது உள்ளே கறுப்பு, ஓரமாகச் சிவப்பு நரம்புகள். அந்தக் கறுப்பு மெல்லப் புரண்டது.

"அசையுது," என்றான் அவன். குழந்தை மாதிரிக் குனிந்து பார்த்தான். "ஏய், அசையுதுடி."

"கைய ஆட்டாதீங்க."

அடுத்த முட்டையும் கறுப்புதான். காத்திருந்தார்கள். அசையவில்லை. அவள் அதை வாளிக்குள் வைத்தாள்.

"நாம ரெண்டு பேரும் முழிச்சிக்கிட்டு ஒரே ரூம்ல இவ்வளவு நேரம் நின்னு எத்தனை நாளாச்சு," என்றான்.

"நல்ல ரூமாத்தான் பாத்து நின்னிருக்கோம்," என்றாள் அவள். சிரிப்பு வந்தது. தோளைக் குலுக்கியதில் வலித்தது.

ஏழு முட்டையில் உயிர் இருந்தது. ஒரு அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, மேலே ஓட்டை போட்டு விளக்கைத் தொங்கவிட்டு, ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தாள். இமையில் ஒரு முட்டையை ஒற்றிப் பார்த்துச் சூட்டைச் சரிபார்த்தாள். அதிகமென்றால் விளக்கைத் தூக்க வேண்டும், குறைந்தால் இறக்க வேண்டும், அவ்வப்போது புரட்டிவிட வேண்டும். கோழி உட்கார்ந்தபடியே செய்த வேலை இப்போது இரண்டு மனிதர்களுக்கு ஓயாத வேலை ஆயிற்று.

ராத்திரி அவள் பார்த்தாள். காலையில் அவன் கிடங்கிலிருந்து வந்ததும் பெட்டியை அவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். இந்தத் தடவை அவனை எழுப்பி உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுத்தான் சொன்னாள். "சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டாள். அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தான். ஆலையில் போர்வையைப் பிடித்தபடியே அவளுக்குக் கண் சொருகியது. எதிர்முனையைப் பிடித்திருந்தவள் போர்வையைச் சுண்டி, "உருளைக்குள்ள நீயும் போயிடாத தாயே, உன்னை மடிச்சு வைக்க எங்களால ஆகாது" என்று எழுப்பினாள்.

அவனும் உழைத்தான். அதை அவள் மறுக்க மாட்டாள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கம் வராமலிருக்கக் காலைத் தண்ணீர் வாளியில் விட்டுக்கொண்டிருந்தான். ஆனால் காவல்காரன் உடம்பு பகலில் எவ்வளவு நாள் தாங்கும்? ஒரு மத்தியானம் வாளிக்குள் கால் இருக்க, சுவரில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போய்விட்டான். அந்த நேரம் பார்த்துத் தெருவில் கரண்டு போயிற்று. அவன் முழித்தபோது வாளித் தண்ணீரும் பெட்டியும் ஒரே குளிர்ச்சியாக இருந்தன.

அவள் வந்ததும் அவனே சொன்னான். மறைக்கவில்லை. "தூங்கிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவளும் அந்த இடத்தில் தூங்கித்தான் இருப்பாள்.

மூன்று குஞ்சு பொரித்தது. ஒன்றுக்குக் கால் அகன்று, நிற்கத் தெரியாமல் வழுக்கியது. அதன் இரண்டு காலையும் சேர்த்துப் பஞ்சும் நூலுமாகக் கட்டிவிட்டாள். மிச்ச நாலு முட்டையையும் மதிலோரம் புதைத்தாள்.

நாத்தனார் தன் பாதியை வாங்கிப்போகக் கூடையோடு வந்தாள். பின்கட்டுக்கு வந்து, கறுப்பி தெருச்சுற்றிப் பெண் மாதிரி கொண்டையை ஆட்டிக்கொண்டு உலாவுவதைப் பார்த்தாள். பிறகு அட்டைப்பெட்டியைப் பார்த்தாள்.

"என்னடி இது? தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்?"

புருஷன் முந்திக்கொண்டான். "அக்கா, அது வந்து... பாம்பு ஒண்ணு கூண்டுக்குள்ள..."

"பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றாள் அவள். "உங்க தம்பி அடையைக் கலைச்சிட்டாரு அண்ணி. உங்க கோழின்னு தெரியாம தண்ணியில முக்கிட்டாரு. நான் தூங்கிட்டிருந்தவர்கிட்ட சொல்லிட்டு ஓடிட்டேன். முட்டையை அவர் கழுவி வச்சுட்டாரு."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். "கழுவினியா? அடைமுட்டையையா?"

"அழுக்கா இருந்துச்சுக்கா."

நாத்தனார் சிரிக்க ஆரம்பித்தாள். துவைகல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "டேய், சின்ன வயசுல நீ புத்தகத்தைத் துவைச்சுக் காயப்போட்டவன்தானே! உன்கிட்டப் போய்..." அவனும் கூடச் சிரிக்கப் பார்த்தான். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"சரி. சிரிப்பு சிரிப்பாச்சு. இப்ப எனக்கு என்ன சொல்றீங்க?"

"மூணு குஞ்சையும் எடுத்துக்குங்க அண்ணி."

"தாயில்லாத குஞ்சை வச்சு நான் என்ன செய்யட்டும்? விடியறதுக்குள்ள வண்டியத் தள்ளிக்கிட்டுப் போறவ. எங்க தெருப் பூனை ஒரே வாய்ல முடிச்சிரும். நீயே வளர்த்துக்கோ." கறுப்பியைப் பிடித்து, வயிற்றுப் பக்கம் இறகை விலக்கித் தடவிப் பார்த்தாள். "சூடு போயிருச்சு. மறுபடி அடைக்கு வர எத்தனை மாசமோ. நான் பதினஞ்சு முட்டை சேர்த்து வச்சிருக்கேன்டி. இனிமே அதைப் பொரிச்சுத்தான் தின்னணும்."

"தப்புதான் அண்ணி."

"தப்பு யாருதுன்னு நான் கேக்கல. உன் தோள் நெலமை எனக்குத் தெரியாதா? ஆனா அதுக்காகப் பேசின பேச்சு இல்லேன்னு ஆயிருமா? பன்னெண்டு முட்டை வச்ச. பாதிக்குப் பாதின்ன."

"ஆமா."

"அப்ப ஆறு."

"ஆறு," என்றாள் அவள்.

"பணமாத் தராத. வாங்க மாட்டேன். எனக்குப் பெட்டையும் சேவலுமா ஆறு உருப்படி வேணும். எப்ப முடியுமோ அப்ப தா. ஆனா தரணும்."

கறுப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாத்தனார் கிளம்பினாள். வாசலில் நின்று, தம்பியைப் பார்த்து, "போய்ப் படுடா, கண்ணு ரெண்டும் மிளகாப்பழமா இருக்கு" என்றாள். அவன் பாயைத் தேடிப் போனான்.

அன்று ஆலைக்கு விடுமுறை. படிக்கட்டுக்கு விடுமுறை கிடையாது. பெட்டியில் விளக்கை ஒரு விரற்கடை இறக்கிவிட்டு, கால் கட்டிய குஞ்சின் அலகைத் தண்ணீரில் ஒரு தடவை தொட்டு எடுத்தாள். மூன்றில் எத்தனை பெட்டையோ, எத்தனை சேவலோ, இப்போது தெரியாது. எல்லாம் பெட்டையாகவே வளர்ந்தாலும் அவை முதலில் அவளுடையவை அல்ல. டீக்கடை முட்டையும் நின்றுவிட்டது. கிழட்டுக் கோழிகளுக்கு நொய் வாங்குகிற காசும் இனி படிக்கட்டிலிருந்துதான் வர வேண்டும்.

கட்டடத்துக்குப் போய், கீழ்க்குழாயில் வாளியை நிறைத்தாள். வலது கை தூக்கவில்லை. இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். முதல் திருப்பத்தில் வாளியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். இன்னும் ஒரு வருடம், ஒருவேளை இரண்டு, இந்த வாளி உண்டு. அதற்குமேல் அவள் கணக்குப் போடவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.

நாத்தனாருக்கு ஆறு கோழி தர வேண்டியிருக்கிறது. இன்னும் ஒன்றுகூடத் தரவில்லை.